செல்லப்பிராணிக் கடைக்கு உரிமம் எதற்கு?

ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள ஆமையை அமெரிக்காவில் செல்லப்பிராணியாக விற்கக்கூடாது. 1975 முதல் அங்கே இதுதான் சட்டம். முதலில் கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். மூன்றரை அங்குல ஆமை என்ன பாவம் செய்தது? விஷயம் இதுதான்: ஆமைகளின் குடலில் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாகவே குடியிருக்கும். ஆமைக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் குட்டி ஆமையைச் சின்னக் குழந்தைகள் பொம்மை மாதிரி எடுத்து வாயில் வைத்துக்கொள்வார்கள். அப்புறம் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிலருக்கு மருத்துவமனை வாசம். 4 அங்குலத்துக்கு மேல் போன ஆமை குழந்தையின் வாய்க்குள் நுழையாது.

செல்லப்பிராணி விற்பனை விதிகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 'ஆமைகளைப் பொறுப்புடன் விற்க வேண்டும்' என்று எழுதியிருந்தால் அந்தச் சட்டம் காகிதத்தோடு போயிருக்கும். 4 அங்குலம் என்று எழுதியதால் ஆய்வாளரின் கையில் ஓர் அளவுகோல் இருந்தால் போதும். வாக்குவாதத்துக்கு இடமில்லை. கருணையை அளக்க முடியாது, கூண்டை அளக்கலாம். விலங்கு நல விதிகளின் வரலாறு முழுக்க, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இழுபறிதான்.

யார் கையில் அதிகாரம்?

செல்லப்பிராணிக் கடை ஒன்றின் மேல் ஒரே சமயத்தில் மூன்று வகைச் சட்டங்கள் பாயும். பலரும் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது வதைத் தடுப்புச் சட்டம். பெரும்பாலும் நாடு முழுவதற்கும் பொதுவானது. பிரிட்டனில் கால்நடைகளை அடித்துத் துன்புறுத்துவதற்கு எதிராக 1822லேயே சட்டம் வந்தது. இந்தியாவில் இன்று நடைமுறையில் இருப்பது 1960ஆம் ஆண்டுச் சட்டம். இந்த வகைச் சட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. பொதுவாக விலங்கு துன்பப்பட்ட பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். துன்பப்பட்டது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்குள் அந்த முயல் செத்துப்போயிருக்கும்.

இரண்டாவது உரிமச் சட்டம். இது முன்கூட்டியே வந்து நிற்பது. 'கடை திறப்பதற்கு முன்னால் என்னிடம் அனுமதி வாங்கு, நான் சொல்லும் நிபந்தனைகளை ஒப்புக்கொள், மீறினால் உரிமம் போய்விடும்' என்பது இதன் சாரம். இங்கே விலங்கு துன்பப்பட்டதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தது, பதிவேட்டில் மூன்று வாரமாக எதுவும் எழுதவில்லை என்று காட்டினாலே நிபந்தனை மீறல்தான். பிரிட்டன் 1951இலேயே செல்லப்பிராணிக் கடைகளுக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விலங்கு விற்கக்கூடாது என்றும் அதில் இருந்தது. பின்னாளில் அந்த வயது 16 ஆனது. தெருவில் வைத்து விற்பதற்கும் அதிலேயே தடை இருந்தது. சந்தைக் கடைகளுக்குக் கொடுத்திருந்த விலக்கு 1983இல்தான் நீங்கியது. இந்தியாவில் செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று தனி விதிகள் 2018இல் வந்தன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக்கூடாது என்பது அவற்றின் அடிப்படை.

மூன்றாவது, எந்த உயிரை விற்கலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்லும் வனவிலங்குச் சட்டம். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. காட்டில் பிடித்த பறவைகளை இறக்குமதி செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் நிரந்தரமாக நிறுத்தியது. இந்த வகையில் வரும் உயிர்களுக்குக் கூண்டு எவ்வளவு பெரிது, சாப்பாடு நல்லதா என்ற பேச்சே எழாது. தங்கக் கூண்டில் வைத்திருந்தாலும் குற்றம்தான்.

இவற்றில் உரிமத்தை மட்டும் நகராட்சி, மாவட்டம் என்று கீழ்மட்டத்தில் விடுவது பல நாடுகளில் வழக்கம். காரணம் எளியது. யாராவது ஒருவர் நேரில் நடந்து போய்க் கடைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். தலைநகரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியால் அது ஆகாது. நன்மை எதுவோ அதுவே தீமையும்கூட. ஓர் ஊரில் ஆய்வாளர் கறாராக இருப்பார், அடுத்த ஊரில் உரிமத் தொகையை வாங்கிக்கொண்டு முத்திரை குத்துவதோடு வேலை முடிந்துவிடும். கெடுபிடி பிடிக்காத கடைக்காரர் எல்லை தாண்டிப் போய்க் கடை போட்டுக்கொள்வார்.

அளவுகோல் எங்கிருந்து வந்தது?

சரி, நிபந்தனை என்று எதை எழுதுவது? விலங்குக்கு என்ன தேவை என்று யார் சொல்வது?

இதற்கான விடை வளர்ப்புக் கால்நடைகளின் பக்கமிருந்து வந்தது. பிரிட்டிஷ் அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965இல் ஓர் அறிக்கை கொடுத்தது. ஒரு விலங்குக்குக் குறைந்தபட்சம் எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலைச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்றது அந்தக் குழு. கேட்டது இவ்வளவுதான். அன்றைய பண்ணைகளில் இதுவே பெரிய கோரிக்கையாக இருந்தது என்பதிலிருந்து நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். இதை வளர்த்தெடுத்து 1979இல் அங்குள்ள பண்ணை விலங்கு நல மன்றம் 'ஐந்து சுதந்திரங்கள்' என்று வகுத்தது: பசி தாகம் இல்லாமை, உடல் அசௌகரியம் இல்லாமை, வலியும் காயமும் நோயும் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ளும் உரிமை, பயமும் மன உளைச்சலும் இல்லாமை. உலகின் பல நாடுகளில் விலங்கு நல விதிகளைத் தோண்டினால் அடியில் இந்த ஐந்தும் கிடக்கும்.

1994இல் நியூசிலாந்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் டேவிட் மெல்லரும் ரீடும் சேர்ந்து இன்னொரு சட்டகத்தை முன்வைத்தார்கள். உணவு, சூழல், உடல்நலம், நடத்தை என்ற நான்கையும் பார்த்துவிட்டு, அவை எல்லாம் சேர்ந்து விலங்கின் மனநிலையை எப்படி ஆக்குகின்றன என்று ஐந்தாவதாகக் கேட்பது அது. துன்பம் இல்லாமல் இருந்தால் மட்டும் போதுமா, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்க வேண்டாமா என்ற கேள்வி பிற்பாடு இந்த வழியாகத்தான் வலுத்தது. என் பார்வையில் இது ஐந்து சுதந்திரங்களைவிட நேர்மையானது. பசியே எடுக்காத உயிர் எது? பசி எடுக்கும்போது சாப்பாடு கிடைக்கிறதா என்பதுதானே விஷயம்.

இந்தக் கருத்துகளைச் சட்ட வாசகமாக மாற்றும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் மத்தியச் சட்டப்படி உரிமம் பெற்ற நாய்ப் பண்ணைகளுக்குக் கூண்டின் அளவு கணக்குப் போட்டே கொடுக்கப்பட்டிருக்கிறது. நாயின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அங்குலத்தில் அளக்க வேண்டும். அதோடு 6 கூட்டி, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். அத்தனை சதுர அங்குலம் தரை கொடுத்தால் போதும். உயரம், நின்றிருக்கும் நாயின் தலைக்கு மேல் 6 அங்குலம். 24 அங்குல நாய் என்றால் 30 பெருக்கல் 30, அதாவது 900 சதுர அங்குலம். ஏறக்குறைய 6 சதுர அடி. ஒரு சின்ன மேசையின் பரப்பு. உடற்பயிற்சிக்குத் தனியாகத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த 6 சதுர அடிதான் அந்த நாயின் வீடு.

குறைந்தபட்சத் தரம் என்று சொல்வதன் பொருள் இதுதான். அதற்குக் கீழே போனால் குற்றம், அவ்வளவுதான். அதைத் தொட்டுவிட்டால் விலங்கு நன்றாக இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. 'அரசு உரிமம் பெற்ற கடை' என்ற பலகையை இந்த நினைப்போடு படிப்பது நல்லது.

இங்கிலாந்து இதற்கு ஒரு வழி கண்டது. 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அங்கே செல்லப்பிராணி விற்போருக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் உண்டு. குறைந்தபட்சத்தைத் தாண்டி உயர்ந்த தரத்தை எட்டும் கடைக்கு நட்சத்திரமும் கூடும், உரிமக் காலமும் 1 ஆண்டிலிருந்து 3 ஆண்டு வரை நீளும். நன்றாக நடத்துபவருக்கு அதிகாரியின் முகத்தை அடிக்கடி பார்க்காமல் இருக்கும் சலுகை! இதைவிடக் கவர்ச்சியான பரிசு வியாபாரிக்கு வேறென்ன?

ஆய்வாளர் உள்ளே வந்தால்

தேர்ந்த ஆய்வாளர் முதலில் மூக்கைத்தான் பயன்படுத்துவார். கதவைத் திறந்ததும் கண் எரிகிற மாதிரி அமோனியா வாடை அடித்தால் கூண்டுகள் நாள்கணக்கில் சுத்தம் செய்யப்படவில்லை, காற்றோட்டமும் இல்லை என்று பொருள். நறுமணத் தெளிப்பானின் வாசனை தூக்கலாக இருந்தாலும் சந்தேகம்தான். மனிதன் நிற்கும் உயரத்தில் வாடை குறைவாக இருக்கலாம். கீழ்த்தட்டுக் கூண்டின் பக்கம் குனிந்து முகர்ந்தால்தான் உள்ளே கிடக்கும் முயல் சுவாசிப்பது என்னவென்று தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கண். முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்வதற்கு உலர்ந்த புல் போட்டிருக்கிறார்களா, வெறும் தீவனக் குளிகைகள்தானா என்று பார்க்க வேண்டும். வெள்ளெலி இரவில் நடமாடும் பிராணி. ஒளிந்துகொள்ள ஒரு பெட்டிகூட இல்லாமல் நாள் முழுக்கப் பளீர் விளக்கின் கீழே வைத்திருந்தால் தண்ணீரும் சாப்பாடும் குறைவின்றி இருந்தாலும் அது வதைதான். கினிப்பன்றி தனியாக இருந்தால் வாடிப்போகும். சுவிட்சர்லாந்துச் சட்டம் அதை ஒற்றையாக வளர்ப்பதற்கே தடை போட்டிருக்கிறது. முயல் கூண்டுக்கு நேர் எதிரே மலைப்பாம்புத் தொட்டி வைத்திருந்தால் கூண்டின் அளவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. இரையாகும் உயிர்களும் அவற்றைத் தின்னும் உயிர்களும் ஒன்றையொன்று பார்க்காதபடியும் முகராதபடியும் வைக்க வேண்டும்.

ஓணான் வகைப் பிராணிகளின் தொட்டியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவற்றுக்குச் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். அது இல்லாவிட்டால் உடலில் சுண்ணாம்புச்சத்து சேராமல் எலும்பு வளைந்துபோகும். கடைகளில் அதற்கென்று தனி விளக்கு போடுவார்கள். அந்த விளக்கு பல மாதம் ஆன பிறகும் வெளிச்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும். வெளிச்சத்தைப் பார்த்து ஏமாறாத ஆய்வாளர், 'விளக்கை எப்போது மாற்றினீர்கள், எழுதி வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்பார்.

மீன்களைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை, கத்தாது, குரைக்காது. ஆனால் அளப்பதற்கு மிக எளிதானவை மீன் தொட்டிகள்தான். தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் நிறம் சொல்லிவிடும். இங்கிலாந்தின் வழிகாட்டுதலில் நன்னீர் மீன் தொட்டிக்குத் தனித்த அமோனியா லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, நைட்ரைட் 0.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று எண்ணாகவே எழுதியிருக்கிறார்கள். பல தொட்டிகளுக்கு ஒரே வடிகட்டி அமைப்பு என்றால் ஒரு தொட்டியின் நோய் எல்லாத் தொட்டிக்கும் போகும் என்பதையும் ஆய்வாளர் மனதில் வைத்திருப்பார்.

கவனித்தால், இதில் இரண்டு விதமான சோதனைகள் கலந்திருக்கின்றன. விலங்குக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது ஒன்று: இடம், வெப்பம், விளக்கு, தண்ணீர். விலங்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று: கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறதா, நாய்க்குட்டி ஒரே இடத்தில் வட்டமடிக்கிறதா, மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா. முன்னதை யாரும் அளக்கலாம். பின்னதற்கு அனுபவம் வேண்டும், நீதிமன்றத்தில் நிரூபிப்பதும் சிரமம். அதனால் விதிகள் முன்னதன் பக்கமே சாய்ந்துவிடுகின்றன. கடைக்காரர்களும் அதைப் புரிந்துகொண்டு கூண்டை அளவுக்குச் சரியாகச் செய்துவிட்டு, உள்ளே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாகப் பதிவேடுகள். எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, என்ன சிகிச்சை கொடுத்தார்கள், யாருக்குப் போனது. இவற்றோடு இறப்புப் பதிவேடு. கடையில் இருப்பதிலேயே உண்மையான ஆவணம் அதுதான் என்பேன். உயிர்களை வைத்துத் தொழில் செய்யும் இடத்தில் சில இறப்புகள் நேரும். ஒரு பக்கம்கூட எழுதப்படாத இறப்புப் பதிவேடு, நிறைய எழுதப்பட்ட பதிவேட்டைவிட மோசமான அறிகுறி.

8 வாரக் கணக்கு

8 வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கக்கூடாது என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. ஏன் 8?

நாய்க்குட்டி ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை உலகத்தைக் கற்றுக்கொள்ளும் பருவத்தில் இருக்கும். தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் எவ்வளவு பலமாகக் கடித்தால் எதிராளி கத்துவான் என்று பழகிக்கொள்வது இந்தப் பருவத்தில்தான். சீக்கிரம் பிரித்துவிட்டால் பயந்த சுபாவமும் கடிக்கும் பழக்கமும் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

உடல் கணக்கு வேறு. பிறந்ததும் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பாற்றல் குட்டிக்குக் கிடைக்கிறது. அது வாரக்கணக்கில் மெல்லக் குறைந்துகொண்டே வரும். அது தூக்கலாக இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அது வடிந்த பிறகு, தடுப்பூசி வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னால், பாதுகாப்பே இல்லாத ஒரு இடைவெளி வரும். நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸ் காத்திருப்பது அந்த இடைவெளிக்குத்தான். அதே சமயத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, வண்டியில் ஏற்றி, இன்னும் பத்துப் பண்ணைகளிலிருந்து வந்த குட்டிகளோடு ஒரே கடையில் அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 8 வாரம் என்பது இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம்.

சமரசத்தை ஏமாற்றுவதும் எளிது. 6 வாரக் குட்டியின் பிறந்த தேதியை இரண்டு வாரம் முன்னால் எழுதிவிட்டால் முடிந்தது. முன்பற்களும் கோரைப்பற்களும் முளைத்திருக்கும் நிலையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் வயதைக் கணிக்க முடியும். ஆனால் கடைக்கு வரும் ஆய்வாளர் எல்லா இடங்களிலும் கால்நடை மருத்துவர் இல்லை. சுகாதாரம், கட்டடம், தராசு முத்திரை என்று எல்லாவற்றையும் பார்க்கும் ஒருவரே இதையும் பார்க்கும் இடங்கள் உண்டு.

கூண்டுக்கு வெளியே

விலங்கு நலத்தில் அக்கறை இல்லாதவர்களும் இந்த விதிகளைப் பற்றிக் கவலைப்பட ஒரு காரணம் இருக்கிறது. 2003இல் கானாவிலிருந்து அமெரிக்காவுக்குச் செல்லப்பிராணி வணிகத்துக்காக வந்த எலி வகைப் பிராணிகளோடு குரங்கம்மை வைரஸும் வந்தது. விற்பனையாளர் ஒருவரின் இடத்தில் அவற்றின் அருகிலேயே பிரெய்ரி நாய்களை வைத்திருந்தார்கள். பெயர்தான் நாய், அணில் குடும்பத்துக் கொறித்துண்ணி. அவற்றுக்குத் தொற்றி, அவற்றை வாங்கியவர்களுக்குத் தொற்றி, 6 மாநிலங்களில் 47 பேருக்கு நோய் வந்தது. புதிதாக வந்த விலங்கைத் தனியே வைக்க வேண்டும் என்ற சலிப்பூட்டும் விதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொன்று 2016க்கும் 2018க்கும் இடையே அமெரிக்காவில் நடந்தது. கடைகளில் விற்ற நாய்க்குட்டிகள் வழியாக, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கேம்பிலோபாக்டர் பாக்டீரியா 100க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. விசாரணையில் 149 குட்டிகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தபோது 142 குட்டிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தது தெரிந்தது. அவற்றில் பாதிக்கும் மேல் நோய் எதுவும் இல்லாமலே, முன்னெச்சரிக்கை என்று கொடுத்தவை. நெரிசலான இடத்தை விரிவாக்க இடம் வேண்டும், ஆள் வேண்டும். மருந்து அதைவிடச் சுலபம். மருந்தில் தேறிய கிருமி கடையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது.

கடைக்கு முன்னால் நடந்தது

இதுவரை சொன்ன எல்லாமே கடைக்குள் நடப்பவை. நாய்க்குட்டியின் வாழ்க்கையில் கடை என்பது கடைசி இரண்டு மூன்று வாரம்தான். அது பிறந்த இடம் எங்கோ இருக்கிறது. அதன் தாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. குட்டி விற்றுப்போகும், தாய் அடுத்த ஈற்றுக்குத் தயாராகும். நகராட்சி ஆய்வாளர் கடையின் தரையைத் தடவிப் பார்க்கலாம், நானூறு மைல் தள்ளி உள்ள பண்ணையின் தரையை எப்படிப் பார்ப்பார்? உள்ளூர் உரிமத்தின் பெரிய ஓட்டை இது. கூண்டைப் பளபளப்பாக்கும் விதிகள், கூண்டுக்கு வந்த வழியைத் தொடுவதில்லை.

இந்த எரிச்சலிலிருந்துதான் சில ஊர்கள் வேறு பாதைக்குப் போயின. எப்படி விற்க வேண்டும் என்று சொல்வதை விட்டுவிட்டு, எங்கிருந்து வந்ததை விற்கலாம் என்று கேட்கத் தொடங்கின. அமெரிக்காவின் ஆல்புகர்கி நகரம் 2006இல் கடைகளில் நாய், பூனை விற்பதையே தடுத்தது. அதன் பின்னால் நூற்றுக்கணக்கான ஊர்கள். 2019 தொடக்கத்தில் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதற்கும், கடைகளில் நாய், பூனை, முயல் என்றால் அவை காப்பகங்களிலிருந்தோ மீட்பு அமைப்புகளிலிருந்தோ வந்தவையாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். சில தரகர்கள் ஒரே இரவில் 'மீட்பு அமைப்பு' ஆகிவிட்டார்கள்! பெயர்ப் பலகை மாறியது, பண்ணையிலிருந்து வந்த அதே குட்டிகள் 'மீட்கப்பட்டவை' ஆயின. கலிஃபோர்னியா மறுபடியும் உட்கார்ந்து, கடைகள் இவற்றை விற்கவே கூடாது, காப்பகங்கள் தத்துக்கொடுக்க இடம் மட்டும் தரலாம் என்று 2021 முதல் திருத்தியது.

இங்கிலாந்தில் இந்தத் திருப்பத்துக்கு ஒரு நாயின் பெயரே நிலைத்துவிட்டது. லூசி என்ற கேவலியர் இன நாய் 2013இல் வேல்ஸில் உள்ள பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்டது. திரும்பத் திரும்ப ஈன்று, குறுகலான கூண்டில் கிடந்து அதன் முதுகெலும்பு வளைந்துபோயிருந்தது. 2020 ஏப்ரல் 6 முதல், 6 மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ இங்கிலாந்தில் மூன்றாம் நபர் வியாபாரமாக விற்க முடியாது. வளர்த்தவரே, குட்டி பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துக் காட்டி விற்க வேண்டும். அல்லது காப்பகத்தில் தத்தெடுக்க வேண்டும். இதன் நயம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆய்வாளரால் போக முடியாத பண்ணைக்கு வாங்குபவரையே போகவைக்கிறது இந்தச் சட்டம். தாய் எப்படி இருக்கிறது என்று அவரே பார்த்துவிடுவார். பிரான்சும் 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்பதை நிறுத்திவிட்டது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. முகவரியும் பலகையும் உரிமமும் உள்ள கடையை மூடினால் வியாபாரம் இணைய விளம்பரத்துக்கும் வாகன நிறுத்தத்தில் கைமாற்றும் பேர்வழிகளுக்கும் போகும், அங்கே எந்த ஆய்வாளரும் போக மாட்டார் என்கிறார்கள் கடைக்காரர்கள். ஒழுங்காக நடத்தியவர்களும் சேர்த்துத் தண்டிக்கப்படுகிறார்கள் என்பது இன்னொரு குறை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அரிசோனா மாநிலம் 2016இல் நகரங்கள் போட்ட இத்தகைய தடைகளைச் செல்லாதவை ஆக்கி, மேலிருந்து தன் சொந்த விதியைக் கொண்டுவந்தது. ஆனாலும், முதல் வாதத்துக்குத் தீர்வு கடையைத் திறந்துவைப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. விளம்பரத்தையும் விதிக்குள் இழுக்கலாம். இங்கிலாந்தில் விற்பவர் இணைய விளம்பரத்திலும் உரிம எண்ணைப் போட வேண்டும், விலங்கின் வயதையும் படத்தையும் போட வேண்டும். எண் இல்லாத விளம்பரம் என்றால் அங்கேயே சந்தேகம் தொடங்கிவிடும்.

தடையோ உரிமமோ, நடைமுறையில் எல்லாம் சின்னச் சின்ன விஷயங்களில் போய் முட்டிக்கொள்ளும். ஆய்வு முன்கூட்டியே சொல்லிவிட்டு நடக்கிறதா, திடீரென்றா? அபராதம் ஒரு குட்டியின் லாபத்தைவிடக் குறைவு என்றால் அது தொழில் செலவோடு சேர்ந்துவிடும். பறிமுதல் செய்த நாற்பது முயல்களை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஊரில் பறிமுதல் என்ற அதிகாரம் ஏட்டில் மட்டும் இருக்கும். ஆய்வாளர் எச்சரித்துவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை.

புகார் எழுதுவது எப்படி?

கடையில் ஏதாவது கண்ணில் பட்டால் பலரும் செய்வது, அந்தக் குட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து வாங்கிவிடுவது. கடைக்காரருக்கு அது இன்னொரு விற்பனை. காலியான கூண்டுக்கு அடுத்த வாரம் இன்னொன்று வரும். புகார் எழுதுவது மெதுவான வழிதான், ஆனால் கூண்டைத் தொடும் வழி அதுதான்.

'விலங்குகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள்' என்று எழுதும் புகார் பெரும்பாலும் கோப்பிலேயே தூங்கும். உரிமம் வழங்கிய அலுவலகம் எதுவென்று கடையில் மாட்டியிருக்கும் சான்றிதழில் இருக்கும். உரிம எண்ணும் அதில் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழே மாட்டவில்லை என்றால் அதையே முதல் வரியாக எழுதலாம். தேதி, நேரம், எந்தக் கூண்டு, அதில் எத்தனை உயிர், தண்ணீர் இருந்ததா, எழுந்து நின்று திரும்ப முடிந்ததா, நோயுற்றது போல் தெரிந்தது மற்றவற்றோடு சேர்ந்தே இருந்ததா என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது முறை வேறொரு நாளில் போனபோதும் அதே நிலைமை என்றால் அந்தத் தேதியையும் சேருங்கள். ஒரு நாள் கவனக்குறைவு என்று கடைக்காரர் சொல்லித் தப்ப முடியாது. வதை என்று தோன்றும் அளவுக்கு நிலைமை மோசம் என்றால் அதே தாளின் நகலைக் காவல் நிலையத்துக்கும் கொடுக்கலாம், ஏனென்றால் அது உரிமத்தோடு நிற்காமல் குற்றச் சட்டத்துக்குள் வந்துவிடும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிவிடுங்கள்.